'நான்' என்பதிலிருந்து ஓரடி தள்ளி

காதலில் தோற்றவனைப் பார்த்தால், "என்ன மாப்ள, தாடி வளருது, கவிதை வருதா?" என்று கேட்பது நம் ஊர்ப் பழக்கம். ஓமலூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் கேட்கலாம், கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழக விடுதியிலும் கேட்கலாம். அந்தக் கிண்டலுக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. மனம் உடைந்தால் எழுத்து வரும், எழுதினால் மனம் ஆறும். முதல் பாதியை யாரும் மறுக்கப் போவதில்லை, மாணவர்களின் நோட்டுகளில் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் போதும். இரண்டாம் பாதி உண்மைதானா? நாற்பது ஆண்டுகளாக உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து வருகிறார்கள். எழுதி ஆறியவர்களும் உண்டு, எழுதி எழுதியே புண்ணைப் பெரிதாக்கிக்கொண்டவர்களும் உண்டு. இரண்டு கூட்டமும் எந்த இடத்தில் பிரிகிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. அந்த இடத்தை நம் கவிதை மரபு வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டது என்பது என் கட்சி.

ஆராய்ச்சி தொடங்கியதே ஒரு மனக்கசப்பில்தான். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி முடித்த கையோடு கல்யாணம் செய்துகொண்டவர். சில வருஷங்களில் கணவன் மனைவிக்குள் விரிசல் விழுந்து, மனிதர் சோர்ந்து ஒடுங்கிப் போனார். ஒருநாள் உட்கார்ந்து கல்யாணம், பெற்றோர், வேலை, சாவு என்று மனதில் வந்ததையெல்லாம் எழுத ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் பாரம் இறங்கியது போலிருந்தது. மனைவி மீது தனக்கு எவ்வளவு பிரியம் என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. பின்னாளில் பேராசிரியரான பிறகு, தனக்கு நடந்தது மற்றவர்களுக்கும் நடக்குமா என்று பார்க்க முனைந்தார்.

1986இல் அவரும் சாண்ட்ரா பீல் என்ற மாணவியும் வெளியிட்ட ஆய்வு மிகச் சிறியது. நாற்பத்தாறு கல்லூரி மாணவர்கள், தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம். ஒரு குழுவுக்கு அறையில் என்ன இருக்கிறது, காலில் என்ன செருப்பு என்பது போன்ற சாதாரண விஷயங்கள். மற்றவர்களுக்கு வாழ்க்கையில் தங்களை ஆட்டிப் பார்த்த சம்பவம். அவர்களிலும் சிலர் நடந்ததை மட்டும் எழுதினார்கள், சிலர் உணர்ச்சியை மட்டும் கொட்டினார்கள், சிலர் இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு பார்த்தால் துக்கத்தை எழுதியவர்கள்தான் வாடிப்போயிருந்தார்கள், ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. ஆனால் அடுத்த ஆறு மாதத்துக் கணக்கில், சம்பவத்தையும் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்திருந்தது. உணர்ச்சியை மட்டும் கொட்டியவர்களுக்கு அந்தப் பலன் அப்படிக் கிடைக்கவில்லை. இந்தச் சின்ன விவரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை தேவைப்படும்.

அதன் பிறகு வந்த ஆய்வுகளுக்குக் கணக்கில்லை. எழுதியவர்களின் ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்கள் சுறுசுறுப்பாக இருந்ததாக 1988இல் ஒன்று. ஆஸ்துமா, முடக்குவாத நோயாளிகள் நூற்றுப் பன்னிரண்டு பேரை வைத்து 1999இல் ஒன்று. மன அழுத்தம் தந்த அனுபவத்தை எழுதியவர்களுக்கு நான்கு மாதத்தில் உடல்நிலை தேறியிருந்தது என்றது அது. பத்திரிகைகள் விடுமா? 'பேனா பிடித்தால் டாக்டர் வேண்டாம்' என்கிற அளவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 2006இல் ஜோவேன் ஃப்ராட்டரோலி நூற்று நாற்பத்தாறு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்குப் போட்டதும் சுதி இறங்கியது. பலன் உண்டு, ஆனால் சராசரியாகப் பார்த்தால் சிறியது. சராசரி சிறியது என்றால் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நல்லது நடந்தது என்று பொருளில்லை. சிலருக்கு நன்றாகவே நடந்திருக்கலாம், சிலருக்கு ஒன்றுமே இல்லாமலும் போயிருக்கலாம்.

ஏன் பலன் தருகிறது என்பதற்குப் பென்னிபேக்கர் முதலில் சொன்ன காரணம், அடக்கிவைப்பது. வெளியே சொல்ல முடியாத துக்கத்தை நாள் முழுக்க உள்ளே அழுத்திப் பிடித்திருப்பது உடம்புக்கு ஒரு வேலை. எழுதினால் அந்த வேலை குறைகிறது. பின்னாளில் இந்த விளக்கம் மட்டும் போதாது என்று அவரே ஒதுங்கிக்கொண்டார். ஆனால் ஓமலூர்ப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு அது சட்டென்று ஒட்டும். அமெரிக்க மாணவன் காதல் முறிந்ததை அம்மாவிடமே சொல்லி அழலாம். இங்கே காதலித்ததே வீட்டுக்குத் தெரியாது. முறிந்ததை யாரிடம் சொல்வது? சாதி வேறு என்றால் நண்பனிடம் சொல்வதற்கும் நாலு பக்கம் பார்க்க வேண்டும். 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி ஒருவர், திருச்செங்கோடு மலைக்கோயிலில் வேறு சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்தப்பட்டார். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் சடலமாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. இந்த நிலத்தில் மனசு உடைவதைப் பற்றிப் பேசும்போது அதை மூளைக்குள் நடக்கும் ரசாயனமாக மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது.

ரசாயனத்தையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஹெலன் ஃபிஷர் குழுவினர் 2010இல், காதலில் கைவிடப்பட்ட பதினைந்து பேரை எஃப்.எம்.ஆர்.ஐ ஸ்கேனில் படுக்கவைத்து, பிரிந்தவரின் படத்தைக் காட்டினார்கள். டோபமின் சுரக்கும் நடுமூளைப் பகுதியும், போதைப்பொருளுக்கு ஏங்கும்போது விழிக்கும் பகுதிகளும் விழித்தன. 'அவள் ஞாபகம் ஒரு போதை' என்று சினிமாவில் பாடுகிறார்களே, அதற்கு இப்படி ஓர் ஆதாரம் இருக்கிறது. மறு வருஷம் ஈதன் கிராஸ் குழு, பிரிந்தவரின் படத்தைப் பார்ப்பதும் முன்கையில் சூடு படுவதும் மூளையில் சில இடங்களில் ஒன்றாகவே பதிவாகின்றன என்றது. மனவலியும் உடல்வலியும் ஒன்றுதான் என்று உலகமெங்கும் தலைப்புப் போட்டார்கள். 2014இல் அந்த ஆய்விலேயே பங்கெடுத்த டோர் வேகரின் குழு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. பகுதி ஒன்றாக இருந்தாலும் அதற்குள் நடக்கும் செயல்பாட்டின் கோலம் வேறு வேறு என்று அது திருத்தம் சொன்னது. திருத்தத்துக்கு யாரும் தலைப்புப் போடவில்லை.

எழுத்துக்கு நேராகத் தொடர்புள்ள ஆய்வு மேத்யூ லீபர்மேனுடையது, 2007இல் வந்தது. கோபமும் பயமும் நிறைந்த முகங்களைக் காட்டி, அது என்ன உணர்ச்சி என்று பெயர் சொல்லச் சொன்னார்கள். பெயர் சொன்னபோது, ஆபத்து ஆபத்து என்று கத்தும் அமிக்டலா கொஞ்சம் அடங்கியது. நெற்றிக்குப் பின்னால் வலப்பக்கம், அடக்கி ஆளும் வேலை செய்கிற பகுதி ஓங்கியது. உணர்ச்சிக்குச் சொல் கிடைப்பதே ஒரு மட்டுக்கு அதைக் கட்டுப்படுத்துகிறது.

அப்படியானால் கொட்டித் தீர்த்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் இடறுகிறது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்பாரா, மணவாழ்க்கை முறிந்து கொஞ்ச நாளே ஆன தொண்ணூறு பேரை எழுதவைத்தார். 2013இல் வந்த முடிவு பென்னிபேக்கர் கட்சிக்காரர்களை உலுக்கியது. நடந்ததையே திரும்பத் திரும்ப அசைபோடும் சுபாவமுள்ளவர்கள் உணர்ச்சியை எழுதியபோது, மாதக்கணக்கில் தேறாமல் கிடந்தார்கள். அன்றைக்கு என்னென்ன வேலை செய்தோம் என்று சும்மா பட்டியல் எழுதிய குழுவில் இருந்த அதே சுபாவக்காரர்கள் அவர்களைவிட நன்றாக இருந்தார்கள்! எழுதுவது அவர்களுக்கு அசைபோட இன்னொரு இடமாகிவிட்டது. அதே ஆய்வகத்திலிருந்து 2017இல் வந்த இன்னொரு ஆய்வு வேறு பக்கத்தைக் காட்டியது. பிரிவை ஒரு கதையாக, தொடக்கம், நடு, முடிவு என்று வைத்து எழுதியவர்களுக்கு ஏழெட்டு மாதம் கழித்து இதயத் துடிப்பு நிதானப்பட்டிருந்தது. துடிப்புக்குத் துடிப்பு இருக்க வேண்டிய நல்ல ஏற்ற இறக்கமும் கூடியிருந்தது. வெறுமனே உணர்ச்சியைக் கொட்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதிலை இந்த ஆய்வு பார்க்கவில்லை, இதயத்தை மட்டுமே பார்த்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்வோம். ஓமலூரிலிருந்து தினமும் சேலத்துக்குப் படிக்கப் போகிறவன். முதல் நாள் அவன் எழுதுவது இப்படி இருக்கும்: "நான் என்ன குறை வச்சேன்? எவ்வளவு செஞ்சேன். ஏமாந்துட்டேன். இனிமேல் யாரையும் நம்ப மாட்டேன்." இதையே நாலு நாளும் எழுதினால் அவன் ஸ்பாராவின் அசைபோடும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டான் என்று பொருள். தேறுகிறவனின் நான்காம் நாள் வேறு மாதிரி இருக்கும்: "ஐப்பசியிலேயே அவ வீட்டுல மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. அது ரெண்டு பேருக்கும் தெரியும். தெரிஞ்சதாலதான் அந்த வாரம் முழுக்க ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் சண்டை. அவளுக்கும் பயம்." இரண்டாவதில் மாதம் வந்துவிட்டது, காரணம் வந்துவிட்டது, அவள் ஓர் ஆளாக உள்ளே வந்துவிட்டாள். பென்னிபேக்கர் ஆயிரக்கணக்கான பக்கங்களைக் கணினி நிரலில் போட்டுச் சொற்களை எண்ணிக் கண்டதும் கிட்டத்தட்ட இதுதான். காரணம் சொல்லும் சொற்களும் புரிந்துகொண்டதைக் காட்டும் சொற்களும் நாளுக்கு நாள் கூடியவர்கள் தேறினார்கள். 2003இல் ஷெர்லாக் கேம்ப்பெல் என்பவரோடு சேர்ந்து இன்னொன்றையும் கண்டார். ஒரு நாள் 'நான்' பக்கமிருந்தும், மறுநாள் 'அவள்', 'அவர்கள்' பக்கமிருந்தும் எழுதியவர்கள், அதாவது நிற்கும் இடத்தை மாற்றிக்கொண்டே எழுதியவர்கள், டாக்டரிடம் போனது குறைவு. தமிழில் இந்தக் கணக்கைப் போடுகிறவர் 'நான்' என்ற சொல்லை மட்டும் எண்ணினால் ஏமாந்துவிடுவார். வச்சேன், செஞ்சேன், ஏமாந்துட்டேன் என்று நம் 'நான்' வினைமுற்றின் வாலில் ஒளிந்துகொண்டிருக்கும்.

காதல் முறிவு மொழியை எப்படிக் கலைக்கிறது என்று 2021இல் ஓர் ஆய்வு வந்தது. இணையத்தில் எழுதும் 6,803 பேரின் பதிவுகளைப் பிரிவுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். பிரிவதற்கு மூன்று மாதம் முன்பே 'நான்' கூடத் தொடங்கிவிட்டது, கோத்துச் சொல்லும் திறன் குறையத் தொடங்கிவிட்டது. காதலைப் பற்றி எழுதும்போது மட்டுமில்லை, வேறு எதைப் பற்றி எழுதும்போதும் அப்படித்தான். பழைய நடைக்குத் திரும்ப, பிரிந்த பிறகு ஆறு மாதம் பிடித்தது. மனசுக்குத் தெரியும் முன்னமே எழுத்துக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, கவிதைக்கு வருவோம். இங்கே ஒரு கசப்பான விவரம். ஷானன் ஸ்டர்மனும் பென்னிபேக்கரும் 2001இல் பதினெட்டுக் கவிஞர்களின் சுமார் முந்நூறு கவிதைகளை எண்ணிப் பார்த்தார்கள். ஒன்பது பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், ஒன்பது பேர் அப்படி இறக்காதவர்கள். முதல் கூட்டத்தார் 'நான்' என்பதை அதிகம் புழங்கியிருந்தார்கள். ஜேம்ஸ் காஃப்மனும் ஜனெல் செக்ஸ்டனும் 2006இல் நேரடியாகவே கேட்டார்கள்: எழுத்து மருந்தென்றால் கவிஞர்களை அது ஏன் காப்பாற்றவில்லை? கவிதையில் கதை இல்லை என்பது அவர்கள் முன்வைத்த ஒரு காரணம். உணர்ச்சி ஒரு கணத்தில் உறைந்து நின்றுவிடுகிறது, அங்கிருந்து நகர்வதில்லை.

அவர்கள் கையில் இருந்தது மேல்நாட்டுத் தன்வரலாற்றுக் கவிதை. அகத்திணையைப் பார்த்திருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பார்களோ என்று எனக்கு ஒரு ஐயம். தொல்காப்பியம் அகப்பாட்டுக்கு ஒரு கடுமையான விதி வைக்கிறது. காதலிப்பவர் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது. பாடுகிறவர் தன் குரலிலும் பேசக் கூடாது. தலைவி பேச வேண்டும், அல்லது தோழி, செவிலி, தலைவன், பாங்கன். யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது என்று பாட்டின் கீழே ஒரு குறிப்பு. கவிதையில் இல்லை என்று காஃப்மன் சொன்ன கதை அந்தக் குறிப்பில் இருக்கிறது. பென்னிபேக்கர் கணினி வைத்துக் கண்டுபிடித்த 'இடம் மாற்றுதல்' அந்தக் கூற்றுமுறையிலேயே இருக்கிறது. மகளைப் பறிகொடுத்த தாயின் வாயில் வைத்துச் சொல்லும்போது, உடன்போன காதலர்களின் கதை வேறு கதையாகிவிடுகிறது. ஐந்திணைகளின் உரிப்பொருளையும் எண்ணிப் பாருங்கள்: புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். ஐந்தில் நாலு, சேர்ந்திருக்க முடியாததைப் பற்றியவை. காதலின் பாதி நேரம் காத்திருப்பிலும் சண்டையிலும் போகிறது என்று தெரிந்தவர்கள் வகுத்த இலக்கணம் அது. சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் சரபங்கா ஆற்றைத் தாண்டி, பொருள் தேடி ஓமலூரிலிருந்து பெங்களூருக்கு ரயிலேறும் பையன்களைப் பார்த்தால் பாலைத்திணை இன்னும் நடப்பில்தான் இருக்கிறது என்று தோன்றும்.

வெள்ளிவீதியாரை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தப் பிரிவைப் பாடியவர் என்று மரபு அவரைச் சொல்கிறது. ஔவையாரே அகநானூற்றில் அவருடைய அலைச்சலைக் குறிப்பிடுகிறார். அப்படிப்பட்டவர் பாடிய பாட்டிலும் அந்த ஆணின் பெயர் கிடையாது. அவர் துக்கம் தலைவியின் துக்கமாகிவிட்டது. இதை நான் மருத்துவம் என்று சொல்ல வரவில்லை. விதி வகுத்தவர்களுக்கு அப்படி ஓர் எண்ணம் இருந்ததாகவும் சொல்லமாட்டேன். ஆனால் ஈதன் கிராஸ் 2014இல் சோதித்ததும் இந்த ஓரடித் தூரத்தைத்தான். பதற்றத்தில் இருப்பவர்கள் தங்களிடம் தாங்களே பேசிக்கொள்ளும்போது, 'எனக்கு ஏன் இப்படி ஆகிறது' என்பதற்குப் பதிலாகத் தங்கள் பெயரையே சொல்லி, 'முருகேசனுக்கு ஏன் இப்படி ஆகிறது' என்று கேட்டுக்கொண்டால் பதற்றம் தணிந்தது. 2017இல் ஜேசன் மோசர், கிராஸோடு சேர்ந்து, மூளை அலைகளை அளந்தார். பெயரைச் சொல்லி யோசித்தபோது உணர்ச்சிக் கொந்தளிப்பைக் காட்டும் அலை ஒரு நொடிக்குள்ளாகவே தாழ்ந்தது. பெரிய முயற்சி எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

இதற்கு நம் சேலம், நாமக்கல் சமவெளியிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. உடைந்தது காதலால் இல்லை, ஊரால். திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகன் 2010இல் வெளியிட்ட 'மாதொருபாகன்' நாவலுக்கு 2014 டிசம்பரில் திடீரென்று எதிர்ப்பு கிளம்பியது. பிரதிகளை எரித்தார்கள், கடையடைப்பு நடத்தினார்கள். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை. அதையொட்டி அவர் முகநூலில் போட்ட அறிவிப்பு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பெருமாள்முருகன் என்ற எழுத்தாளன் செத்துவிட்டான், இனி பெ. முருகன் என்ற ஆசிரியன் மட்டுமே இருப்பான் என்பது அதன் சாரம். அந்த அறிவிப்பை அரசியலாகத்தான் எல்லாரும் படித்தோம். மொழியாகப் படித்தால், ஒரு மனிதர் தாளமுடியாத நேரத்தில் தன்னைத் தானே படர்க்கையில் வைத்துப் பேசியிருக்கிறார். ஒருவரை இரண்டாகப் பிரித்து, ஒருவரைச் சாகக் கொடுத்து, மற்றவரைக் காப்பாற்றிக்கொண்டார்.

முதலில் சில மாதம் ஓர் எழுத்துக்கூட வரவில்லை. பிறகு வந்தது நாவல் இல்லை, கவிதை. கிட்டத்தட்ட இருநூறு கவிதைகள். 2016 ஜூலை 5 அன்று நாவல் தொடர்பான வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகு, ஆகஸ்டில் அவை 'கோழையின் பாடல்கள்' என்ற தொகுப்பாகக் காலச்சுவடு வழியாக வந்தன. தலைப்பைக் கவனியுங்கள். புலம்புகிறவன் ஒரு 'நான்' இல்லை, ஒரு கோழை. அவனுக்கென்று ஒரு சுபாவம், ஒரு பார்வை. அகப்பாட்டில் தலைவிக்கு இருக்கிற மாதிரி அவனும் ஒரு பாத்திரம். அடுத்து எழுதிய நாவல் 'பூனாச்சி'. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், கடவுளரைப் பற்றி எழுதக் கேட்கவே வேண்டாம், மாட்டைத் தொட முடியாது, அதனால் வெள்ளாட்டைத் தேர்ந்தேன் என்ற பொருளில் முன்னுரையில் சொல்கிறார். கேலி மாதிரி இருக்கும், கேலி இல்லை. ஆட்டின் கண்வழியாக அவர் அந்த ஊரை முழுசாக எழுதிவிட்டார். (சேலம் கருப்பு என்று இந்தப் பக்கத்துக்கே உரிய ஓர் ஆட்டினம் உண்டு; பூனாச்சியும் கறுப்புக் குட்டிதான்.)

இதை வெற்றிக்கதையாகச் சொல்லி முடிக்க எனக்கு விருப்பமில்லை. திரும்பி வந்தபோது தனக்குள் ஒரு தணிக்கையாளர் உட்கார்ந்துவிட்டார் என்று அவரே பொதுமேடையில் சொன்னார். எழுத்து அவரைத் தேற்றியது உண்மை. அவருக்கு நடந்ததை இல்லாமல் ஆக்கவில்லை என்பதும் உண்மை. ஆய்வகங்கள் அளப்பது டாக்டரிடம் போன தடவையை, இதயத் துடிப்பை. ஒரு மனிதர் எதை எழுதாமல் விட்டார் என்பதை அளக்க அவற்றிடம் கருவி இல்லை. முன்னே சொன்ன ஓமலூர் இளைஞர் கொலை நடந்ததும் பெருமாள்முருகன் மௌனமாக இருந்த அதே 2015இல்தான். 'மாதொருபாகன்' நாவலில் வரும் மலையும் அந்தத் திருச்செங்கோட்டு மலையும் ஒன்றுதான்.

'நான்' என்பதிலிருந்து தள்ளி நிற்கும் இந்த இடமாற்றம் பாட்டில் இன்னும் சுலபம். இறந்த வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்களைப் பற்றி இசபெல் க்ளார்க்-டிசே என்ற மானுடவியலாளர் 2005இல் ஒரு புத்தகமே எழுதினார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அவர் கேட்டறிந்தது, செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்பது. பக்கத்து வீட்டுக் கிழவர் இறந்திருப்பார். அழுகிறவள் பாடுவது, சின்ன வயதில் போன தன் அம்மாவை, கைவிட்ட அண்ணனை, வாழ்க்கைப்பட்ட வீட்டில் பட்ட பாட்டை. தன் வீட்டில் வாய்திறந்து சொல்ல முடியாததை இன்னொருவர் வீட்டு வாசலில், மற்றப் பெண்களின் தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்துகொண்டு, எல்லாருக்கும் தெரிந்த மெட்டில் சொல்லிவிடலாம். யாரும் 'என்ன ஆச்சு உனக்கு' என்று கேட்கப் போவதில்லை. பாட்டு முடிந்ததும் மூக்கைச் சிந்தி, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏங்க்கா, மேட்டூர் பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்பார்கள். நகரத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்து நடிப்பு என்கிறார்கள். நடிப்பு இல்லை, அதுதான் முறை.

இதில் உடம்பின் பங்கும் உண்டு. லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவர் 2001இல் இருபத்து மூன்று பேரை லத்தீன் ஜெபமாலையும் யோக மந்திரமும் சொல்லவைத்துப் பார்த்தார். இரண்டும் மூச்சை நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறக்கின. அந்த வேகத்தில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று இசைந்து ஏறி இறங்குகின்றன. ஒப்பாரி வைக்கிறவளின் மூச்சைக் கவனித்துப் பாருங்கள். சட்டென்று ஓர் இழுப்பு, பிறகு மூச்சு தீரும்வரை நீளும் ஓர் அடி, கடைசியில் சரிந்து இறங்கும் ஒரு விம்மல், மறுபடி இழுப்பு. விசும்பி விசும்பி அழும்போது சிதறிப்போகும் மூச்சை மெட்டு பிடித்துக் கட்டிப்போடுகிறது.

பாடத் தெரியாதவனுக்குக் கேட்பது இருக்கிறது. ராத்திரி பஸ்ஸில் சோகப் பாட்டைப் போட்டு ஜன்னலில் தலைசாய்க்கிற பையனைப் பார்த்துச் சிரிக்கிறோம். லிலா தருஃபியும் ஸ்டெஃபான் கோல்ஷும் 2014இல் 772 பேரிடம், சோகமான இசை என்ன உணர்ச்சியைத் தருகிறது என்று கேட்டார்கள். அதிகம் வந்த விடை சோகம் அல்ல, பழைய நினைவில் தோயும் ஓர் ஏக்கம். இதில் தங்களுக்குக் கிடைக்கும் ஆதாயங்களில் ஒன்றாக, 'இந்தத் துக்கத்துக்கு நிஜ வாழ்க்கையில் பின்விளைவு இல்லை' என்பதைப் பலர் சொன்னார்கள். முகாரியைக் கேட்டு அழுதுவிட்டு எழுந்து சாப்பிடப் போகலாம். அசைபோடும் சுபாவக்காரருக்கு மட்டும் இதிலும் அதே கண்ணி உண்டு. ஒரே பாட்டை இருபது தடவை போடுகிறவர் பாட்டைக் கேட்கவில்லை.

பெருமாள்முருகன் பின்னர் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடுவதற்காகக் கீர்த்தனைகள் எழுதினார், ஐம்பூதங்களைப் பற்றியெல்லாம். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற சட்டத்துக்குள் சொற்களை அடக்க வேண்டும், தாளத்தில் சீர் நிற்க வேண்டும், நெடிலும் குறிலும் ராகம் இழுக்க இடம் கொடுக்க வேண்டும். இத்தனை வேலை இருக்கும்போது ஒரே துக்கத்தை அசைபோட்டுக்கொண்டிருக்க மனசுக்கு நேரமேது? கடைசியில் அந்தப் பாட்டை எழுதியவர் பாடுவதும் இல்லை. வேறொருவர் தொண்டையிலிருந்து வருகிறது, கேட்கிறவர் அதில் தன் சங்கதியைப் போட்டுக்கொள்கிறார்.

ஓமலூர்ப் பையனுக்கு இதிலிருந்து என்ன சொல்லலாம்? முறிந்த அன்றே உட்கார்ந்து எழுத வேண்டாம், சில வாரம் போகட்டும். நாலு நாள், நாளுக்குக் கால்மணி நேரம் போதும். நடந்ததையும் மனசில் பட்டதையும் சேர்த்து எழுத வேண்டும். ஒரு நாளாவது அவள் பக்கம் நின்று எழுத வேண்டும், ஒரு நாளாவது தன் பெயரைச் சொல்லி, வேறு யாரையோ பற்றி எழுதுவது போல எழுத வேண்டும். கைக்கு வந்தால் வெண்பாவாகக் கட்டலாம், மெட்டுக்குள் அடைக்கலாம். எழுத எழுத மோசமாகிறது என்றால் நிறுத்திவிட வேண்டும். பென்னிபேக்கரே சொல்லும் புத்திமதி அது. தூக்கம் போய், சாப்பாடு போய், இருந்து என்ன பயன் என்று தோன்றினால் அது நோட்டுப் புத்தகத்தின் வேலை அல்ல. 14416 என்பது அரசின் டெலிமனஸ் எண், தமிழிலேயே பேசுவார்கள். சேலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

எழுதியதை அந்தப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. 1986இல் எழுதிய அந்த நாற்பத்தாறு பேரும் பக்கத்தில் பெயர்கூடப் போடாமல்தான் எழுதினார்கள்.